லோக்கல் ரூல்ஸும் இருபது மாசக் காத்திருப்பும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆணி அதிகமா இருந்ததால தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. போன வாரம் ஒரு ரிலீஸ் முடிஞ்சு டேமேஜர் கொஞ்சம் மூச்சு விட விட்டதால இன்னைக்கு உக்காந்துட்டேன். நீளமாத்தான் போகும். டீயோ காப்பியோ எடுத்துட்டு வந்துடுங்க மக்களே.

முதல்ல சின்னதா ஒரு முன்கதை. நாங்க அஞ்சு பேர், காலேஜ் கடைசி வருஷத்துல இருந்து சனிக்கிழமை ராத்திரி 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுற கோஷ்டி. கேள்விப்படாதவங்களுக்கு ரெண்டு வரியில சொல்லிடறேன். மேஜையைச் சுத்தி உக்காந்து ஆடுற விளையாட்டு. ஒருத்தர் கதையை நடத்துவார், அவருக்கு டன்ஜன் மாஸ்டர்னு பேரு, சுருக்கமா டி.எம். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன் இப்படி. "கதவை உடைக்கிறேன்"னு நீங்க சொல்லணும், பகடை உருட்டணும், உடைஞ்சுதா இல்ல தோள்பட்டை உடைஞ்சுதான்னு டி.எம். சொல்வார். இதை டி&டின்னு சொல்றது வழக்கம், நானும் அப்படியே எழுதறேன்.

எங்ககிட்ட ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கு. முழுக்க முழுக்க எங்க லோக்கல் ரூல்ஸ். இங்கிலீஷ்காரன் ஹவுஸ் ரூல்னு சொல்றதுதான். தெருவுல கிரிக்கெட் ஆடினவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட் அவுட், மாமி வீட்டுக் காம்பவுண்டுக்குள்ள போனா அவுட், போய் எடுத்துட்டு வர்றது அடிச்சவன் வேலை. எம்.சி.சி.க்காரங்க கேட்டா மயக்கம் போட்டுடுவாங்க. ஆனா அந்தத் தெருவுல அதுதான் சட்டம்.

2024 செப்டம்பர்ல டி&டியோட புது ரூல் புத்தகம் வரப்போகுதுன்னு ஆனதும் எங்க ரூம்ல சண்டை வந்துச்சு. நோட்டைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு புத்தகத்துல இருக்கறபடி ஒழுங்கா ஆடலாம்னு ஒருத்தன். புத்தகமே வேண்டாம், நோட்டே போதும்னு இன்னொருத்தன். எங்க டி.எம். நடுவுல உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டிருந்தான். புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே நோட்டை அதுக்குத் தோதா மாத்தி எழுதிடலாமேன்னு நான் சமாதானம் சொல்லப் போய், ரெண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கிட்டேன். அப்பதான் தோணுச்சு, இந்தச் சண்டையைப் போட்ட முதல் ஆளுங்க நாங்களா இருக்க முடியாதேன்னு. தோண்ட ஆரம்பிச்சா விஷயம் 1970கள் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போச்சு. கடைசியில ஒரு கோர்ட்டு கேஸுல போய் நின்னுச்சு.

ஒரு உண்மையை முதல்லயே போட்டு உடைச்சுடறேன். டி&டிங்கறதே ஒருத்தரோட லோக்கல் ரூல்ஸ்தான். இன்னும் சரியாச் சொன்னா, லோக்கல் ரூலுக்கு மேல லோக்கல் ரூல், அதுக்கும் மேல இன்னொண்ணு.

அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல இரட்டை நகரங்கள்னு சொல்ற மினியாபோலிஸ், செயின்ட் பால் பக்கம் போர் விளையாட்டு ஆடுற ஒரு கூட்டம் இருந்துச்சு. ஈய பொம்மைச் சிப்பாய்களை மேஜை மேல அடுக்கி நெப்போலியன் காலத்துச் சண்டைகளை ஆடுறவங்க. அதுல டேவ் வெஸ்லின்னு ஒருத்தர் 1969ல ஒரு புதுமை பண்ணார். படைக்குத் தளபதியா ஆடுறதுக்குப் பதிலா, பிரவுன்ஸ்டைன்ங்கற கற்பனை ஊர்ல ஆளுக்கு ஒரு வேஷம் கொடுத்தார். ஒருத்தர் மேயர், ஒருத்தர் மாணவர் தலைவர், இப்படி. சண்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எல்லாரும் தனித்தனியா வந்து, அங்க போறேன், இவனைப் பாக்கறேன்னு ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு பேர் வாள்சண்டைக்கே போயிட்டாங்க. அதுக்கெல்லாம் அவர்கிட்ட ரூலே கிடையாது, அங்கயே யோசிச்சு சமாளிச்சார். முடிஞ்சதும் இது படுதோல்வின்னு முடிவு கட்டிட்டார். ஆனா ஆடினவங்க விடலை. அடுத்தது எப்பன்னு நச்சரிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அந்தக் கூட்டத்துல இருந்த இன்னொருத்தர் டேவ் ஆர்னெசன். 1971ல அதே பாணியை எடுத்து பிளாக்மூர்ங்கற கற்பனை நாட்டுல, டிராகன், மந்திரம், பாதாளச் சுரங்கம்னு அவங்க அப்பா அம்மா வீட்டு பேஸ்மென்ட்ல ஆட ஆரம்பிச்சார். சண்டைக்கு அவர் எடுத்துக்கிட்டது 'செயின்மெயில்'ங்கற புத்தகம். அதே 1971ல வந்தது. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதினது. அடிப்படையில இடைக்காலப் போர் ரூல்ஸ், பின்னாடி ஒட்டு போட்ட மாதிரி மந்திர தந்திர சமாச்சாரம்.

இங்கதான் எனக்குப் பிடிச்ச இடம் வருது. செயின்மெயில்ல ஒரு சாதாரணச் சிப்பாய்க்கு ஒரே அடி. பட்டா காலி. பொம்மை நூறு இருக்கும்போது அது சரி. ஆனா பிளாக்மூர்ல ஆளுக்கு ஒரே ஒரு பாத்திரம். அதுக்குப் பேர் வெச்சு, வாரா வாரம் வளர்த்து வர்றாங்க. ஒரு பகடையில செத்துப்போனா யாருக்குப் பிடிக்கும்? ஆர்னெசன் அந்த ரூலை மாத்தினார். ஒரு ஆள் எத்தனை அடி தாங்குவான்னு ஒரு எண். அடிபட அடிபட அது குறையும், பூஜ்யமானா அவுட். இந்த யோசனையை எங்கேருந்து எடுத்தார்னு பின்னாள் பேட்டிகள்ல அவரே சொல்லியிருக்கார்: அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்து இரும்புக் கப்பல் விளையாட்டுக்கான ரூல்ஸ்ல இருந்து. கப்பல் ஒரு குண்டுல மூழ்காது இல்லையா, அந்த லாஜிக். இன்னைக்கு நம்ம பசங்க மொபைல்ல ஆடுற கேம் எல்லாத்துலயும் தலைக்கு மேல பச்சையா ஒரு பட்டை ஓடுதே, அதோட கொள்ளுத்தாத்தா, செயின்ட் பால்ல ஒரு பேஸ்மென்ட்ல போட்ட லோக்கல் ரூல்.

1972 கடைசியில ஆர்னெசன், விஸ்கான்சின்ல லேக் ஜெனீவாங்கற சின்ன ஊர்ல இருந்த கைகாக்ஸ் வீட்டுக்குப் போய் பிளாக்மூரை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் இன்ஷூரன்ஸ் வேலை போய், வீட்டுல செருப்பு ரிப்பேர் பண்ணிக் குடும்பத்தை ஓட்டிக்கிட்டிருந்த காலம் அது. ஆடிப் பாத்த மனுஷன் விழுந்துட்டார். குறிப்பெல்லாம் அனுப்புங்கன்னு கேட்டு வாங்கி, கொஞ்சப் பக்கக் கையெழுத்துக் குறிப்புகளை ஊதிப் பெருக்கிப் புத்தகமாக்கினார். 1974 ஜனவரியில டி.எஸ்.ஆர்.ங்கற அவரோட குட்டிக் கம்பெனி அதை வெளியிட்டுச்சு. ஒரு பெட்டி, மூணு சின்னப் புத்தகம், விலை 10 டாலர், மொத்தம் 1000 பிரதி. ரெண்டு பேர் பேரும் அட்டையில இருந்துச்சு. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

அந்த மூணு புத்தகத்தைப் படிச்சுப் பாத்திருக்கீங்களா? நான் பாத்தேன். நம்ம ஆபீஸ்ல வேலையை விட்டுப் போறவன் கடைசி நாள் சாயங்காலம் எழுதிக் கொடுக்கற டாக்குமென்ட் மாதிரியே இருக்கும். சண்டைக்குச் செயின்மெயிலைப் பாருங்கன்னு இருக்கும். செயின்மெயில் உங்ககிட்ட இல்லைன்னா? மாற்று முறைன்னு இருபது பக்கப் பகடையை வெச்சு ஒரு அட்டவணை இருக்கும். காட்டுல நடந்து போறதுக்கு வேற கம்பெனியோட 'அவுட்டோர் சர்வைவல்'ங்கற போர்டை வாங்கச் சொல்லியிருக்கும். சண்டையில யார் முதல்ல அடிக்கணும்? அதைத் தெளிவா எங்கயும் காணோம். கடைசிப் பக்கத்துல, உங்களுக்கு எப்படிப் பிடிச்சிருக்கோ அப்படி மாத்திக்குங்க, உங்களுக்காக நாங்க ஏன் கற்பனை பண்ணணும்ங்கற அர்த்தத்துல ஒரு வாசகம் வேற. ஓட்டைக்குச் சாக்கா, இல்ல உண்மையிலேயே பெரிய மனசான்னு எனக்கு இன்னும் பிடிபடலை. ரெண்டும் கலந்ததுன்னுதான் நினைக்கறேன்.

ஆனா அந்த ஓட்டைதான் விளையாட்டை வளர்த்துச்சு. வாங்கினவன் ஒவ்வொருத்தனும் ஓட்டையைத் தானே அடைக்க வேண்டியிருந்துச்சு. அரிசோனாவுல கென் செயின்ட் ஆண்ட்ரேங்கறவர் புத்தகத்தைப் படிச்சுத் தலைசுத்திப் போய், 1975ல 'டன்னல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்'னு தனி விளையாட்டே எழுதிட்டார். கால்டெக் மாணவர்கள் (நம்ம இனம், இன்ஜினியரிங் பசங்க!) சண்டை முறையையும் மந்திர முறையையும் பிரிச்சு மேஞ்சு, அதே 1975ல 'வார்லாக்'னு அச்சிலேயே கொண்டு வந்தாங்க. டி&டி ஆடாமலேயே டி&டி ஆடுறது எப்படின்னு அந்தக் கட்டுரைக்குத் தலைப்பே வெச்சாங்க. கலிஃபோர்னியாவுலயே ஸ்டீவ் பெரின், யார் முதல்ல அடிக்கறதுன்னு ஒழுங்குபடுத்தி எழுதின ரூல்ஸை 1976ல ஒரு விளையாட்டு மாநாட்டுல கொடுத்தார். அவர் 1978ல 'ரூன்குவெஸ்ட்'னு வேற விளையாட்டே பண்ணார். டி&டியில இன்னைக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச திருடன் பாத்திரம் இருக்கே, அது முதல் மூணு புத்தகத்துல கிடையாது. கலிஃபோர்னியாவுல ஒரு ஹாபி கடையில ஆடின கூட்டத்தோட சரக்கு. ஃபோன்ல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட கைகாக்ஸ், தன் பாணியில மாத்தி எழுதி 1975ல 'கிரேஹாக்'ங்கற இணைப்புப் புத்தகத்துல போட்டார். திருடனையே திருடினதுன்னு கடி ஜோக் அடிக்கலாம். வேண்டாம், விட்டுடறேன் :-)

இன்னொண்ணு, கிரிட்டிக்கல் ஹிட். இருபது பக்கப் பகடையில இருபதே விழுந்தா டபுள் அடி. இது முதல்ல அச்சானது 1975ல 'எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்'ங்கற விளையாட்டுல. எழுதினவர் எம்.ஏ.ஆர். பார்க்கர், மினசோட்டா பல்கலைக்கழகத்துல தெற்காசிய மொழிகள் பேராசிரியர். உருது கத்துக்கறதுக்குப் பாடப் புத்தகமெல்லாம் எழுதினவர். (அவரை ரொம்ப நாள் மேதைன்னு கொண்டாடினாங்க. அவர் செத்துப் போய் பத்து வருஷம் கழிச்சு, நாஜிகளுக்கு ஆதரவான ஒரு நாவலைப் புனைபேர்ல எழுதினது அவர்தான்னு அவர் படைப்புகளைப் பாத்துக்கற அமைப்பே 2022ல ஒத்துக்கிச்சு. இதைச் சொல்லாம தாண்டிப் போக மனசு வரலை.)

இத்தனை பேர் இத்தனை விதமா ஆடினா, பேசிக்க ஒரு இடம் வேணுமே? லாஸ் ஏஞ்சலஸ்ல லீ கோல்டுங்கற அம்மா 1975ல 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்'னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஆளாளுக்கு அவங்க பக்கங்களை டைப் பண்ணி நகலெடுத்து அனுப்பணும், அந்தம்மா எல்லாத்தையும் சேர்த்துப் பின் அடிச்சு எல்லாருக்கும் தபால்ல அனுப்புவாங்க. அடுத்த மாசம் போன மாசத்து ஆளுக்குப் பதில் எழுதுவாங்க. நமக்குப் புரியாதா என்ன? பதிவு, பின்னூட்டம், எதிர்ப்பதிவு, கும்மி எல்லாம் அப்பவே தபால்தலை ஒட்டி நடந்திருக்கு!

அதோட ரெண்டாவது இதழுக்குக் கைகாக்ஸே கடிதம் எழுதினார். சாராம்சம் இதுதான். நானும் ஆர்னெசனும் ஆடுற விதமே வேற வேற, ரெண்டு பேருமே புத்தகத்துல இருக்கற மாதிரி ஆடறதில்லை. எல்லாரும் ஒரே மாதிரி ஆட ஆரம்பிக்கற நாள் வந்தா விளையாட்டு சலிச்சுப் போயிடும். இது 1975ல.

நாலே வருஷத்துல அதே மனுஷன் என்ன பேசினார்னு பாருங்க.

விற்பனை ஏறிக்கிட்டே போச்சு. கூடவே தலைவலியும். ஒரு மேஜையில ஆடினவன் தன் பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு இன்னொரு மேஜைக்குப் போவான். அங்க டி.எம். அள்ளிக் கொடுக்கற கர்ணன், இங்க எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆசாமி. அங்க வாங்கின மந்திர வாள் இங்க செல்லுமா? மாநாடுகள்ல போட்டி வெச்சா எந்த ரூல்படி ஜெயிச்சது யாருன்னு சொல்றது? கூடவே வெளியாளுங்க தங்க ரூல்ஸை அச்சடிச்சு வித்துக் காசு பாக்க ஆரம்பிச்சிருந்தாங்க. 1977ல டேவ் ஹார்க்ரேவ் 'ஆர்டுயின் கிரிமோர்'னு போட்டப்போ டி.எஸ்.ஆர். தரப்புல இருந்து எச்சரிக்கைக் கடிதம் போச்சு. ஆக எல்லாத்தையும் திரட்டி, ஒழுங்குபடுத்தி, இதுதான் சட்டம்னு சொல்ற ஒரு புதுப் பதிப்பு வேணும்னு முடிவாச்சு. பேரு 'அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'.

இப்பதான் நம்ம கதையோட நடுநாயகம். புது ரூல்ஸ் மூணு புத்தகமா வரும்னு திட்டம். எது முதல்ல வந்துச்சு தெரியுமா? 'மான்ஸ்டர் மேனுவல்', 1977 கடைசியில. அதாவது அரக்கர்கள் பட்டியல்! எப்படி ஆடணும்ங்கற புத்தகம் இல்லை, யாரோட சண்டை போடணும்ங்கற புத்தகம். அடுத்தது 'ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்', 1978ல. அதுலயாவது அடி பட்டுச்சா இல்லையான்னு பாக்கற அட்டவணை இருந்துச்சா? இல்லை! அது மூணாவது புத்தகமான 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட்'லதான். அது வந்தது 1979 ஆகஸ்ட்ல. மொத்தம் இருபது மாசம்.

நம்ம பொழப்புல சொல்லணும்னா, க்ளையன்ட் முதல்ல டேட்டாபேஸை மட்டும் மாத்தி அனுப்பிட்டான், சில மாசம் கழிச்சு ஸ்க்ரீன் டிசைன் வருது, லாஜிக் அதுக்கும் ஒரு வருஷம் கழிச்சு. நடுவுல ஒரு நாள் கூட சிஸ்டத்தை நிறுத்தக் கூடாது, ஏன்னா சனிக்கிழமை பசங்க வந்து நிப்பாங்க.

அந்த இருபது மாசம் எப்படி ஆடியிருப்பாங்கன்னு யோசிச்சா எனக்குப் புல்லரிக்குது. 1974 பெட்டி ஒரு பக்கம், 75-76ல வந்த இணைப்புப் புத்தகங்கள் இன்னொரு பக்கம், கையில பளபளன்னு கெட்டி அட்டை போட்ட அரக்கர் புத்தகம், இதுக்கெல்லாம் மேல அவங்கவங்க நோட்டு. பழைய ரூல்ல ஒண்ணுமே போடாம வெறும் உடம்போட நிக்கறவனுக்குக் கவச எண் 9. புதுசுல 10. (குறைஞ்சா நல்லது, கூடினா மோசம். ஆமா, தலைகீழ்தான்.) ஒரே ஒரு புள்ளிதான், ஆனா மேஜையில இருக்கற எல்லா அட்டவணையும் அந்த ஒரு புள்ளியால இடிக்கும். முதல் பெட்டியில எல்லாருக்கும் உயிர்ப்புள்ளிக்கு ஆறு பக்கப் பகடைதான். கிரேஹாக்ல வீரனுக்கு எட்டுப் பக்கம் ஆச்சு. 1978ல பத்துப் பக்கம். அப்ப மூணு வருஷமா வளர்த்த வீரனை என்ன பண்றது? மறுபடி உருட்டுறதா? உருட்டினதுல பழசை விடக் கம்மியா விழுந்தா? இதெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் இல்லை. ஒவ்வொரு மேஜையும் தானே முடிவு பண்ண வேண்டியிருந்துச்சு. வரப்போற ரூலுக்கு ஏத்த மாதிரி இருக்கற ரூலை மாத்தறது, அதுவும் வரப்போறது என்னன்னே பாதிதான் தெரியுங்கறப்ப. டி.எஸ்.ஆரோட 'தி டிராகன்' பத்திரிகையில 1979 ஆரம்பத்துல மூணாவது புத்தகத்துல இருந்து சில பக்கங்களை முன்னோட்டமாப் போட்டாங்க. பரீட்சைக்கு முந்தின ராத்திரி லீக் ஆன கேள்வித்தாள் மாதிரி அதை எத்தனை பேர் நகலெடுத்திருப்பாங்க!

(இதே 1977ல ஜே. எரிக் ஹோம்ஸ்னு ஒரு நரம்பியல் டாக்டர், பழைய பெட்டியைப் புரியற இங்கிலீஷ்ல திருத்தி எழுதி, ஆரம்பக்காரங்களுக்கான பெட்டியா அது தனியா வந்துச்சு. ஆக கடையில ஒரே நேரத்துல மூணு டி&டி. குழப்பம் போதாதுன்னு இது வேற.)

1979 ஜூன்ல 'தி டிராகன்' 26வது இதழ்ல கைகாக்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். பழைய டி&டி தளர்வானது, யார் வேணா எப்படி வேணா மாத்தலாம். அட்வான்ஸ்ட் அப்படி இல்லை. கட்டுக்கோப்பானது, எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி ஆட வேண்டியது. முக்கியமா, அது பழசோட விரிவாக்கம் இல்லை, வேற விளையாட்டு. ரெண்டு மாசம் கழிச்சு வந்த மூணாவது புத்தகத்துல கிரிட்டிக்கல் ஹிட்டையும் போட்டுத் தாளிச்சிருந்தார். 1982ல இன்னும் ஒரு படி மேல போய், போக்கர், செஸ் எல்லாம் உதாரணம் காட்டி, மனசுக்குத் தோணினபடி மாத்தினா நீ ஆடுறது அட்வான்ஸ்டே இல்லைன்னு எழுதினார். எல்லாரும் ஒரே மாதிரி ஆடினா சலிச்சுப் போயிடும்னு 1975ல சொன்ன அதே கை.

மனுஷன் மாறிட்டார், பெரிய கம்பெனி ஆனதும் தலைக்கனம்னு சுலபமாச் சொல்லிடலாம். நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா அந்த 'வேற விளையாட்டு'ங்கற சொல்லுக்கு ஒரு விலை இருந்துச்சு. ஆர்னெசன் 1976ல டி.எஸ்.ஆர்.ல சேர்ந்து அதே வருஷமே வெளியே வந்துட்டார். பழைய டி&டி வித்தா அவருக்கு ராயல்டி உண்டு. அட்வான்ஸ்ட் அதே விளையாட்டோட தொடர்ச்சின்னா அதுக்கும் உண்டு. வேற விளையாட்டுன்னா? சல்லிக்காசு கிடையாது. அட்டையில பேரும் கிடையாது. அட்வான்ஸ்ட் புத்தகங்கள்ல போட்டிருந்தது கைகாக்ஸ் பேர் மட்டும்தான்.

ஆர்னெசன் 1979ல வழக்குப் போட்டார். 1981ல கோர்ட்டுக்கு வெளியே சமாதானம் ஆச்சு.

யோசிச்சுப் பாருங்க. உயிர்ப்புள்ளிங்கற ஐடியா, பாத்திரம் அனுபவத்தால வளர்றது, பாதாளச் சுரங்கத்துல இறங்கறது, இதெல்லாம் அந்த பேஸ்மென்ட்ல இருந்து வந்தது. அட்வான்ஸ்ட்ல இதெல்லாம் அப்படியே இருக்கு. பேர் மட்டும் இல்லை. ஒரு சின்னப் பதிவை யாராவது சுட்டுத் தன் பேர்ல போட்டாலே நாம எவ்வளவு குதிப்போம்! அதே சமயம் கைகாக்ஸ் பக்கமும் ஒண்ணு சொல்லணும். ஆர்னெசன் குறிப்புகளைப் படிச்சு ஆடக்கூடிய நிலைமையில இருக்கலை, அதை உக்காந்து டைப் அடிச்சுப் புத்தகமாக்கி வித்தது அவர்தான். மூணு பெரிய அட்வான்ஸ்ட் புத்தகத்தையும் அவர்தான் எழுதினார். என் ஓட்டு யாருக்குன்னு கேட்டா ஆர்னெசனுக்குத்தான், ஆனா கொஞ்சம் தயங்கித்தான் பட்டனை அழுத்துவேன். கைகாக்ஸ் 2008 மார்ச்லயும் ஆர்னெசன் 2009 ஏப்ரல்லயும் காலமானாங்க. கைகாக்ஸை 1985லேயே அவர் ஆரம்பிச்ச கம்பெனியோட தலைமையில இருந்து இறக்கிட்டாங்கங்கறது தனிக்கதை, இன்னொரு நாள் பாக்கலாம்.

அதுக்கப்புறம் வந்த பதிப்புகளை வேகமா ஓட்டிடறேன். 1989ல ரெண்டாம் பதிப்பு. இந்தத் தடவை கொஞ்சம் உஷாராகி, வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே டேவிட் குக், எந்தெந்தப் பாத்திர வகையைக் காவு கொடுக்கலாம்னு பத்திரிகையில வெளிப்படையாவே எழுதினார். கடிதங்கள் குவிஞ்சுச்சு. புத்தகம் வந்தப்போ, விருப்பப்பட்டா வெச்சுக்குங்கன்னு சொல்ற ரூல்ஸ் எல்லாம் நீலக் கட்டத்துக்குள்ள தனியா இருந்துச்சு. 2000த்துல மூணாம் பதிப்பு, டி.எஸ்.ஆரை 1997ல வாங்கின விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் போட்டது. தலைகீழ் கவச எண்ணை நேராக்கினாங்க. பழைய பாத்திரத்தைப் புதுசுக்கு மாத்தறது எப்படின்னு ஒரு சின்னக் கையேட்டை இலவசமாவே கொடுத்தாங்க. 1977ல யாருக்காவது இது தோணியிருக்கக் கூடாதா! அந்தப் பதிப்புலதான் கிரிட்டிக்கல் ஹிட் முழுசா சட்டமாச்சு. பார்க்கர் அச்சிட்டு இருபத்தஞ்சு வருஷம், கைகாக்ஸ் தாளிச்சு இருபத்தியோரு வருஷம்.

2008ல நாலாம் பதிப்பு வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் நடந்தது சுவாரஸ்யம். பைசோ கம்பெனியில ஜேசன் புல்மான்ங்கறவர் மூணாம் பதிப்பைச் சீர்பண்ணித் தனக்குன்னு எழுதி வெச்சிருந்த லோக்கல் ரூல்ஸைத்தான் அடிப்படையா வெச்சாங்க. புதுப் பதிப்பு வர்றதுக்கு சில மாசம் முன்னாடியே வரைவை வெளியிட்டு, எல்லாரையும் ஆடிப் பாக்கச் சொல்லி, 2009ல 'பாத்ஃபைண்டர்'னு புத்தகமாவே போட்டாங்க. சட்டப்படி அது செல்லும், ஏன்னா மூணாம் பதிப்போட உரிமம் திறந்த உரிமம். ஃபோர்க் அடிச்சவன் மெயின் ப்ராஜக்டுக்கே போட்டியான கதை, நம்ம துறையில நிறைய பாத்திருக்கோம். அந்தத் திறந்த உரிமத்தையே செல்லாம ஆக்கப் பாக்கறாங்கன்னு 2023 ஜனவரியில விஷயம் கசிஞ்சு, ஊரே கொதிச்சு, அதே மாசக் கடைசியில கம்பெனி பின்வாங்கி, அடிப்படை ரூல்ஸை கிரியேட்டிவ் காமன்ஸ்ல விட்டுச்சு.

2024 புத்தகத்துக்கும் முன்னாடியே வரைவுகள் வந்துச்சு, 2022 ஆகஸ்ட்ல இருந்து. முதல் வரைவுலயே ஒரு கூத்து. இருபது விழுந்தா எந்த வேலையானாலும் வெற்றிதான்னு போட்டிருந்தாங்க. புத்தகத்துல அதுவரைக்கும் அது சண்டைக்கு மட்டும்தான். ஆனா பாதிப் பேர் மேஜையில மலை ஏறறதுக்கும் பொய் சொல்றதுக்கும் கூட அப்படித்தான் ஆடிக்கிட்டிருந்தாங்க, அது ரூல்னே நினைச்சுக்கிட்டு. கூடவே அரக்கர்களுக்குக் கிரிட்டிக்கல் ஹிட் கிடையாதுன்னும் ஒரு மாத்தம். ஆடுறவங்க முகம் சுளிக்கவும், கடைசிப் புத்தகத்துல ரெண்டுமே இல்லை.

எங்க நோட்டுல 11ஆம் நம்பர் ரூல் ஒண்ணு இருக்கு. காயத்துக்கு மருந்துக் குப்பியைக் குடிக்கறதுக்கு முழு முறை வீணாகக் கூடாது, அடிச்சுக்கிட்டே குடிச்சுக்கலாம்னு. எங்க கோஷ்டியில ஒருத்தன் ஏழெட்டு சனிக்கிழமை சண்டை போட்டு வாங்கின ரூல். இப்ப அவன் வேலைக்காக வெளிநாடு போயிட்டான், பண்டிகைக்கு வந்தாதான் ஆட்டம். 2024 புத்தகத்தைத் திறந்தா, மருந்து குடிக்கறது போனஸ் ஆக்ஷன். அதேதான்! (அவன் கண்டுபிடிச்சதுன்னு பீத்திக்க மாட்டேன். உலகம் பூரா ஆயிரக்கணக்கான மேஜைகள்ல அதே ரூல் இருந்திருக்கு.) ஃபோட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். ராத்திரி ரெண்டு மணிக்குப் பதில் வந்துச்சு: "ராயல்டி எங்கடா?"

புத்தகம் வர்றதுக்கு முந்தின மாசம் மூணு சனிக்கிழமை ஆடாம உக்காந்து நோட்டைச் சரிபண்ணோம். மொத்தம் முப்பத்திரெண்டு ரூல். புத்தகத்துலயே வந்துடும்னு தெரிஞ்சது நாலு, அதை அடிச்சோம். இடிக்கும்னு சந்தேகம் இருந்தது ஒன்பது, பென்சில்ல சுத்தினோம். மிச்சத்துல கை வைக்கலை. புத்தகமே வேண்டாம்னவன் பென்சிலை வாங்கி, 11ஆம் நம்பரை மட்டும் அடிக்காம, பக்கத்துல வெளிநாடு போனவன் பேரை எழுதி ஒரு அடைப்புக்குறி போட்டு வெச்சான். பரண்ல போடலாம்னவன் முறைச்சான், ஆனா ஒண்ணும் சொல்லலை. டி.எம். முறுக்கு டப்பாவை எங்க பக்கம் தள்ளினான்.

டிஸ்கி: என் மந்திரவாதி அடுத்த சனிக்கிழமையே செத்துட்டான். இருபது விழுந்துச்சு. எனக்கில்லை, அரக்கனுக்கு.